எரிமலைத் தீவின் சிவப்பு ஒயின்: எப்படிச் சுவைப்பது, எதோடு சாப்பிடுவது

எரிமலை மண்ணில் விளைந்த ஒயின் என்றதும் கறுத்த நிறம், கனத்த உடம்பு, தொண்டையைச் சுடும் சூடு என்றுதான் மனம் கற்பனை செய்கிறது. கேனரித் தீவுகளின் சிவப்பு ஒயினைக் கிளாஸில் ஊற்றிப் பார்த்தால் அந்தக் கற்பனை உடனே கலைந்துவிடும். நிறம் அவ்வளவு மெல்லியது. கிளாஸுக்குப் பின்னால் விரலை வைத்தால் விரல் தெரியும். முகர்ந்தால் மிளகு, சிவப்புப் பழங்கள், அப்போதுதான் அணைந்த தீக்குச்சியின் வாடை. வாயில் வைத்தால் புளிப்பு முன்னால் வருகிறது, துவர்ப்பு கொஞ்சம்தான், இனிப்பு இல்லை.

எரிமலைக்கும் இந்த மெலிவுக்கும் என்ன தொடர்பு என்று புரிந்துவிட்டால், எந்தக் குளிர்ச்சியில் ஊற்றுவது, எதை முகர்ந்து பார்ப்பது, தட்டில் என்ன வைப்பது என்பதெல்லாம் மனப்பாடம் செய்யாமலே விளங்கிவிடும். ஆகவே முதலில் மண்ணைப் பார்ப்போம், அப்புறம் கிளாஸுக்கு வருவோம்.

சாம்பலில் வேர் விட்ட கொடி

கேனரித் தீவுகள் ஸ்பெயினுக்குச் சொந்தமானவை. ஆனால் அமைந்திருப்பது அட்லாண்டிக் கடலில், ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரைக்குப் பக்கத்தில். மிக அருகிலுள்ள தீவுக்கும் அந்தக் கரைக்கும் நடுவே சுமார் 100 கிலோமீட்டர்தான். அட்சரேகை ஏறத்தாழ 28 பாகை, அதாவது டெல்லி இருக்கும் கோடு. இவ்வளவு தெற்கே, கடல் மட்டத்து வெயிலில், திராட்சையில் சர்க்கரை மளமளவென்று ஏறிப் புளிப்பு வடிந்துவிடும். அந்தப் பழத்தில் செய்த ஒயின் சப்பென்று இருக்கும்.

இங்கே அப்படி நடக்காமல் காப்பது உயரமும் காற்றும். டெனெரீஃபே தீவின் நடுவில் நிற்கும் தெய்தே எரிமலையின் உயரம் 3,715 மீட்டர். ஸ்பெயின் நாட்டிலேயே உயர்ந்த சிகரம் அது. வடகிழக்கிலிருந்து ஓயாமல் வீசும் காற்று கடலின் ஈரத்தை அள்ளிவந்து மலையின் வடக்குச் சரிவில் மோதி, மேகப் படுகையாகத் தங்குகிறது. அந்த மேகத்துக்குக் கீழேயும் உள்ளேயும்தான் வடக்குத் தோட்டங்கள் இருக்கின்றன. தெற்குச் சரிவில் மேகம் குறைவு, வெயில் அதிகம். அங்கே விவசாயிகள் மேலே மேலே ஏறிப் போயிருக்கிறார்கள். விலாஃப்ளோர் ஊரைச் சுற்றியுள்ள தோட்டங்கள் ஐரோப்பிய நாடுகளுக்குச் சொந்தமான தோட்டங்களிலேயே மிக உயரமானவற்றில் சேர்த்தி. எந்தச் சரிவானாலும் விளைவு ஒன்றே. பழம் நிதானமாகப் பழுக்கிறது, புளிப்பு தங்கிவிடுகிறது, ஆல்கஹால் பெரும்பாலும் 12 முதல் 13.5 சதவீதத்துக்குள் நிற்கிறது. எரிமலை இல்லாவிட்டால் மலை இல்லை, மலை இல்லாவிட்டால் மேகம் இல்லை. ஒயின் மெலிந்து இருப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

லான்சரோட்டே தீவின் கதை வேறு. அங்கே மேகத்தைத் தடுத்து நிறுத்தும் உயரம் கிடையாது. ஆண்டு முழுவதும் சேர்த்தே 150 மில்லிமீட்டர் அளவில்தான் மழை. போதாக்குறைக்கு 1730 செப்டம்பரில் திமன்ஃபாயா பகுதியில் பூமி பிளந்து, 1736 வரை ஆறு ஆண்டுகள் லாவாவும் சாம்பலும் கொட்டித் தீர்த்தன. தீவின் நல்ல விளைநிலங்களில் பெரும்பகுதி அடியில் போய்விட்டது. மிஞ்சிய விவசாயிகள் ஒன்றைக் கவனித்தார்கள்: கறுப்பான அந்த எரிமலைச் சரளை இரவின் ஈரத்தைப் பிடித்துக் கீழே இறக்குகிறது, பகலில் மண்ணை மூடி ஈரம் ஆவியாகாமல் காக்கிறது. லா ஹெரியா என்ற இடத்தில் புனல் வடிவில் குழி தோண்டி, சாம்பலுக்குக் கீழே புதைந்துபோன பழைய மண்ணை எட்டிப் பிடித்து, குழிக்கு ஒரு கொடி என்று நட்டார்கள். கடல்காற்று கொடியை முறிக்காமல் இருக்க விளிம்பில் அரைவட்டமாகக் கல் அடுக்கினார்கள். சில குழிகளில் இறங்கி நின்றால் ஆள் தலை வெளியே தெரியாது.

இன்றும் அங்கே இப்படித்தான் விவசாயம். டிராக்டர் உள்ளே போக வழியில்லை. கவாத்து, அறுவடை எல்லாமே கை வேலை. ஒரு குழிக்கு ஒரு கொடி என்றால் ஏக்கருக்கு எத்தனை கொடி தேறும், கொடிக்கு எத்தனை கிலோ பழம் கிடைக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இந்த ஒயின்கள் மலிவாகக் கிடைக்காததற்குக் காரணம் அதுவே. கொடுக்கிற விலைக்குத் தகுதியானவை என்பது என் அழுத்தமான கருத்து.

டெனெரீஃபே வடக்கில் லா ஒரோட்டாவா பள்ளத்தாக்கில் இன்னொரு முறை உண்டு. ஒரு கொடியின் கிளைகளை ஆண்டுக்கு ஆண்டு ஒன்றோடொன்று பின்னி, தரைக்குச் சற்று மேலே முட்டுக்கொடுத்து, நீளமாக ஓடவிடுகிறார்கள். பல மீட்டர் நீளத்துக்கு, கை தடிமனில், முறுக்கேறிய கயிறாக ஒரே செடி கிடக்கும். இந்தப் பின்னல் முறை அந்தப் பள்ளத்தாக்குக்கே உரியது. அதன் பயன் இதுதான்: அறுவடை முடிந்ததும் அந்த நீண்ட பின்னலை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, காலியான நிலத்தில் உருளைக்கிழங்கு போடலாம். ஒரே துண்டு நிலம் வீட்டுக்கு ஒயினையும் கிழங்கையும் கொடுத்தது. சாப்பாட்டுப் பகுதிக்கு வரும்போது இந்தக் கிழங்கு மறுபடி வரும்.

வேரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வட அமெரிக்காவிலிருந்து வந்த ஃபைலாக்ஸெரா என்ற நுண்பூச்சி ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை வேரோடு அழித்தது. அதற்குக் கண்டுபிடித்த தீர்வு, பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடியின் வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக் கட்டுவது. இன்று உலகின் பெரும்பாலான ஒயின் ஒட்டுக்கொடியில் விளைந்தது. கேனரித் தீவுகளுக்கு அந்தப் பூச்சி அப்போது வந்து சேரவில்லை. அதனால் நூறு வயது தாண்டிய கொடிகள் கூடத் தம் சொந்த வேரிலேயே நிற்கின்றன. 2025ல் டெனெரீஃபே வடக்கில் முதன்முறையாக ஃபைலாக்ஸெரா கண்டறியப்பட்டபோது தீவு முழுவதும் பதறியதன் காரணம் இதுதான். இழந்தால் திரும்பக் கிடைக்காத சொத்து அது.

கல்லின் சுவை ஒயினில் ஏறுமா?

விற்பனைக் குறிப்புகளில் 'எரிமலைப் பாறையின் சுவை' என்று எழுதியிருப்பார்கள். படித்தால் வேர் பாறையை உறிஞ்சி, அந்தச் சுவையை நேரே பழத்துக்குள் அனுப்புவதாகத் தோன்றும். அப்படி நடப்பதில்லை. வேர் எடுத்துக்கொள்வது நீரில் கரைந்த பொட்டாசியம், மக்னீசியம் போன்ற சத்துக்களை. ஒயினில் அவை நாக்குக்குத் தனியாகத் தெரியாத மிகச் சிறிய அளவில்தான் இருக்கும். பாறைக்கென்று பெரிதாக மணமும் கிடையாது.

அப்படியானால் அந்தப் புகை வாடை எங்கிருந்து வருகிறது? நொதிக்கும்போது ஈஸ்ட் உண்டாக்கும் கந்தகச் சேர்மங்களிலிருந்து. தீக்குச்சி உரசிய வாடைக்குக் காரணமான சேர்மம் ஒன்று ஒயினில் மிக நுண்ணிய அளவில் இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். மண்ணில் நைட்ரஜன் சத்து குறைவாக இருந்தால் பழச்சாற்றிலும் குறையும், ஈஸ்ட் திணறும், கந்தக வாடை கூடும். சத்துக் குறைந்த எரிமலை மண்ணில் விளைந்த ஒயினுக்கு இந்த வாடை அடிக்கடி வருவதற்கு ஒயின் செய்பவர்கள் பலர் சொல்லும் விளக்கம் இது. காற்றுப் படாமல் மூடி வைத்துச் செய்யும் முறையும் அதைக் கூட்டும். இதே தீக்குச்சி வாடை சுண்ணாம்பு மண்ணில் விளையும் பிரான்ஸின் பர்கண்டி வெள்ளை ஒயின்களிலும் வருகிறது. எரிமலைக்கு மட்டுமே சொந்தமான மணம் அல்ல அது. எரிமலை தன் கையெழுத்தைப் போடுவது சுற்றி வளைத்துத்தான்: உயரம், மேகம், பஞ்சமான மண், ஆழமான வேர், பழங்கொடி இவற்றின் வழியாக.

மிளகு வாடையின் கதை இன்னும் தெளிவானது. 2008ல் ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனத்தினர் ஷிராஸ் திராட்சையின் மிளகு மணத்துக்குக் காரணம் ரோட்டண்டோன் என்ற சேர்மம் என்று கண்டுபிடித்தார்கள். கறுப்பு மிளகின் மணத்திலும் அதே சேர்மம்தான் இருக்கிறது. குளிர்ந்த இடத்தில் நிதானமாகப் பழுக்கும் பழத்தில் அது கூடுதலாகச் சேரும். கேனரித் திராட்சையில் வரும் மிளகும் மேகச் சரிவு ஒயின்களில்தான் தூக்கலாக இருக்கிறது. அந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு, சோதித்த மிக உயர்ந்த அளவில்கூட ரோட்டண்டோன் மணக்கவே இல்லை. ஆகவே பக்கத்தில் இருப்பவர் 'மிளகு, மிளகு' என்று சொல்லி உங்களுக்கு ஒன்றும் தெரியாவிட்டால் உங்கள் ரசனையைச் சந்தேகப்பட வேண்டாம். மூக்கின் அமைப்பு அப்படி, அவ்வளவுதான்.

எந்தத் திராட்சை

லிஸ்தான் நேக்ரோ என்ற பெயரை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். தீவுகளின் முதன்மையான சிவப்புத் திராட்சை இது. நடுத்தரத்துக்குக் குறைவான நிறம், சிவப்புப் பழ மணம், மிளகு, லேசான துவர்ப்பு. லா பால்மா தீவில் நெக்ரமோல் என்ற இன்னும் மென்மையான திராட்சை உண்டு. மதேரா தீவில் டின்டா நேக்ரா என்று அழைக்கப்படுவதும் இதேதான். லிஸ்தான் பிரியெட்டோ என்பது பெரும் பயணம் செய்த கொடி. ஸ்பானியர்கள் அமெரிக்கக் கண்டத்துக்குக் கொண்டுபோன இதுதான் கலிஃபோர்னியாவில் 'மிஷன்' ஆனது, சிலியில் 'பாயீஸ்' ஆனது. பபோசோ நேக்ரோ, விஹாரியேகோ நேக்ரோ, டின்டில்யா போன்றவை கறுத்த நிறமும் கனமும் தருபவை. குறைந்த அளவில் விளைகின்றன. முதல் பாட்டிலுக்கு இவை வேண்டாம், லிஸ்தான் நேக்ரோவிலேயே தொடங்குங்கள்.

கிளாஸில்

டெனெரீஃபே வடக்கில் விளைந்த, ஓரிரு வயதான, ஓக் பீப்பாயின் வாடை ஏறாத ஒரு லிஸ்தான் நேக்ரோவை எடுத்துக்கொள்வோம்.

முதல் வேலை குளிர்ச்சி. 'சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும்' என்ற வழக்கு ஐரோப்பாவின் பழைய கல் வீடுகளில் பிறந்தது. அந்த அறையின் வெப்பம் 16, 17 டிகிரிதான். 30 டிகிரி வீட்டில் வைத்த பாட்டிலை அப்படியே திறந்தால் ஆல்கஹால் மட்டும் மூக்கில் ஏறும், பழமும் மிளகும் காணாமல் போகும். இந்த ஒயினுக்கு 13 முதல் 15 டிகிரி சரியாக இருக்கும். ஃபிரிட்ஜில் இரண்டு மணி நேரம் வைத்து எடுத்தால் ஏறக்குறைய அந்த நிலை வந்துவிடும். கொஞ்சம் கூடுதலாகக் குளிர்ந்துவிட்டாலும் கவலையில்லை, கிளாஸிலேயே ஏறிவிடும். சூடாகிவிட்டதைத்தான் சரிசெய்ய முடியாது.

கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றுங்கள். வெள்ளைத் தாளுக்கு மேலே சாய்த்துப் பார்த்தால் நடுவில் மாதுளை முத்தின் சிவப்பு, ஓரத்தில் இன்னும் வெளிறிய நிறம். நிறம் மெலிந்திருப்பதால் தரம் குறைவு என்று பொருள் இல்லை. இந்தத் திராட்சையின் இயல்பு அது.

கிளாஸைச் சுழற்றாமல் ஒருமுறை முகருங்கள். முதலில் வருவது பெரும்பாலும் புகை, தீக்குச்சி, சில பாட்டில்களில் ஈரச் சாம்பல். இப்போது நன்றாகச் சுழற்றி, அரை நிமிடம் விட்டு மறுபடி முகருங்கள். கந்தக வாடை கொஞ்சம் கலைந்து பழம் மேலே வரும்: செர்ரி, ராஸ்பெர்ரி போன்ற புளிப்புச் சிவப்புப் பழங்கள். அவற்றோடு மிளகு, உலர்ந்த பூ, சில சமயம் காய்ந்த மூலிகை. முதல் முகர்வுக்கும் இரண்டாவது முகர்வுக்கும் உள்ள இந்த வித்தியாசம்தான் இந்த ஒயினில் எனக்கு மிகப் பிடித்த இடம். அவசரப்பட்டு நேரே வாயில் ஊற்றுபவர்கள் இதை இழந்துவிடுகிறார்கள்.

இங்கே புகையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. புகை வாடை மூன்று வழிகளில் வரலாம், மூன்றும் ஒன்றல்ல. தீக்குச்சி வாடை மேலே சொன்ன கந்தகத்தின் வேலை. சுழற்றச் சுழற்றக் குறையும். வறுத்த காபி, வனிலா, தேங்காய் கலந்த புகை என்றால் அது உட்புறம் தீயில் வாட்டிய ஓக் பீப்பாயிலிருந்து வந்தது. எவ்வளவு சுழற்றினாலும் போகாது. அதற்கும் எரிமலைக்கும் சம்பந்தமே இல்லை. மூன்றாவது, குதிரை லாயம், பழைய தோல், மருந்துக் கட்டு போன்ற வாடை. அது ப்ரெட்டனோமைசஸ் என்ற வேண்டாத ஈஸ்ட் புகுந்ததன் அடையாளம். இலேசாக இருந்தால் சிலர் ரசிப்பார்கள், பலமாக இருந்தால் பழுது. அழுகிய முட்டை வாடை பத்து நிமிடம் காற்றுப் பட்டும் போகவில்லை என்றால் அதுவும் பழுதுதான். அதை 'எரிமலை மணம்' என்று யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

இனி ஒரு வாய். விழுங்காமல் சில நொடி வாய்க்குள் எல்லாப் பக்கமும் படவிடுங்கள். நாக்கின் ஓரங்களில் உமிழ்நீர் ஊறுகிறதா? அது புளிப்பு. ஈறும் கன்னத்தின் உட்புறமும் இறுகுகிறதா? அது துவர்ப்பு, ஒயின் மொழியில் டானின். திராட்சையின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருவது. இந்த ஒயினில் புளிப்பு தெளிவாக இருக்கும், துவர்ப்பு மெல்லிய இழையாகத்தான் தெரியும். துப்பினாலும் விழுங்கினாலும், அதற்குப் பிறகு வாயில் என்ன மிஞ்சுகிறது என்று கவனியுங்கள். நல்ல பாட்டிலில் ஒரு உப்புச் சாயலும் மிளகும் நெடுநேரம் நிற்கும். சுமாரானதில் பழம் மறைந்ததும் எல்லாம் முடிந்துவிடும். பல ஒயின்களை அடுத்தடுத்து ஒப்பிடும்போது துப்பிவிடுவதுதான் வழக்கம், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. மூன்றாவது கிளாஸுக்கு மேல் மூக்கும் நாக்கும் சொல்வதை நம்ப முடியாது.

சில பாட்டில்களில் பழ மணம் மிகத் தூக்கலாக, துவர்ப்பே இல்லாததுபோல் இருக்கும். குலைகளை நசுக்காமல் முழுசாக மூடிய தொட்டியில் போட்டு, கரியமில வாயுச் சூழலில் பழத்துக்குள்ளேயே நொதிக்கவிடும் முறையில் செய்தவை அவை. டெனெரீஃபே வடக்கின் தாகொரோன்தே பகுதியிலும் லான்சரோட்டேயிலும் இளம் ஒயினுக்கு இந்த முறை வழக்கம். இவற்றை இன்னும் ஒரு டிகிரி இரண்டு டிகிரி குளிர வைத்தே குடிக்கலாம்.

தட்டில்

டெனெரீஃபே வடக்கில் குவாச்சின்சே என்று ஒன்று உண்டு. திராட்சை விளைவித்து ஒயின் செய்யும் குடும்பம், தன் வீட்டு முன்புறத்திலோ கார் நிறுத்தும் கொட்டகையிலோ மேசை போட்டு, சொந்த ஒயினைச் சில பலகாரங்களோடு விற்கும் இடம். வருடத்தில் சில மாதங்கள்தான் திறந்திருக்கும். அந்த ஆண்டின் ஒயின் தீர்ந்தால் கடையும் மூடும். இந்த ஒயினோடு என்ன சாப்பிடலாம் என்ற கேள்விக்கு அங்கே பல தலைமுறைகளாக விடை சொல்லி வந்திருக்கிறார்கள். அந்த விடையிலிருந்தே காரணங்களைக் கற்றுக்கொள்ளலாம்.

முதலில் வருவது பாபாஸ் அர்ருகாதாஸ், சுருங்கிய உருளைக்கிழங்கு. சின்னச் சின்னக் கிழங்குகளைத் தோலோடு, உப்பை அள்ளிக் கொட்டிய நீரில் வேக வைப்பார்கள். பழைய காலத்தில் கடல்நீரிலேயே வேக வைத்ததாகச் சொல்வார்கள். வெந்ததும் நீரை வடித்துவிட்டு, வெறும் பாத்திரத்தில் மறுபடி அடுப்பில் வைத்துக் குலுக்கினால், தோல் சுருங்கி அதன்மேல் வெள்ளையாக உப்புப் பூக்கும். தோலோடு அப்படியே சாப்பிட வேண்டும். தொட்டுக்கொள்ள மோஹோ. சிவப்பு மோஹோவில் உலர்ந்த மிளகாய், பூண்டு, சீரகம், உப்பு, எண்ணெய், வினிகர். எல்லாம் உரலில் இடித்தது. பச்சை மோஹோவில் மிளகாய்க்குப் பதில் கொத்தமல்லியோ பார்ஸ்லியோ. நம் வீடுகளில் இல்லாத பொருள் இதில் கிட்டத்தட்ட எதுவுமே இல்லை.

இந்தச் சேர்க்கை ஏன் இவ்வளவு பொருந்துகிறது? உப்பு நாக்கில் கசப்பையும் துவர்ப்பையும் அடக்கி, ஒயினின் பழத்தை முன்னால் கொண்டுவருகிறது. மோஹோவில் வினிகர் இருப்பதால் அதற்கு இணையான புளிப்பு ஒயினிலும் இருந்தாக வேண்டும். உணவைவிட ஒயினில் புளிப்பு குறைந்தால் ஒயின் தண்ணீராகத் தோன்றும். லிஸ்தான் நேக்ரோவிடம் அந்தப் புளிப்பு தாராளமாக இருக்கிறது. சீரகமும் பூண்டும் புகை வாடையோடு ஒட்டிக்கொள்கின்றன. கிழங்கோ மாவுத்தன்மையால் எல்லாவற்றையும் தணிக்கிறது. பின்னல் கொடிக்கு அடியில் விளைந்த கிழங்கும் அந்தக் கொடியின் ஒயினும் ஒரே மேசைக்கு வந்து சேர்கின்றன.

காரத்தில் மட்டும் கவனம் வேண்டும். மிளகாயின் எரிச்சலை உணரும் நரம்பு முனைகளையே ஆல்கஹாலும் தூண்டுகிறது. அதனால் 14.5 சதவீத ஒயினோடு காரமான உணவு சாப்பிட்டால் வாய் தீயாகும். கடுமையான துவர்ப்பு சேர்ந்தால் இன்னும் மோசம். கேனரி ஒயின் 12.5 அளவில், துவர்ப்புக் குறைந்து, குளிர்ந்து வருவதால் மிதமான காரத்தைத் தாங்கும். மிதமான காரம் என்றுதான் சொல்கிறேன். மிளகாய்த்தூள் தாராளமாகப் போட்ட ஆந்திரக் குழம்போடு வைத்தால் எந்தச் சிவப்பு ஒயினும் தோற்றுவிடும். மிளகாய் குறைத்து, மிளகு இடித்துப் போட்டுச் செய்த ஆட்டுக்கறி வறுவல் நன்றாகவே பொருந்தும். மேலே சொன்ன ரோட்டண்டோன் இரண்டிலும் இருக்கிறது.

இறைச்சியில் தீவுக்காரர்களின் விருப்பம் ஆடும் முயலும் பன்றியும். வெள்ளாட்டுக் கறியை பிரியாணி இலை, சீரகம், பூண்டு, ஒயின் சேர்த்து நெடுநேரம் வேக வைப்பார்கள். முயலை வினிகர், பூண்டு, மிளகாய்க் கலவையில் ஊறவைத்துப் பொரித்து, பிறகு அதே கலவையில் வேக விடுவார்கள். இரண்டுமே கொழுப்பு வழியாத, மசாலா ஏறிய கறிகள். கொழுப்பு மிகுந்த தடித்த மாட்டிறைச்சித் துண்டுக்கு வாயை வழித்துவிடும் துவர்ப்பு தேவை. அதற்குப் பிரான்ஸின் போர்தோ மாதிரி துவர்ப்பு மிகுந்த ஒயின்கள் இருக்கின்றன. இந்த ஒயினை அந்தத் தட்டில் வைத்தால் இருக்குமிடமே தெரியாது. எரிமலை என்ற பெயரைப் பார்த்துக் கனமான கறியோடு வைப்பதுதான் புதியவர்கள் அதிகம் எடுக்கும் தவறான முடிவு.

மீனுக்குச் சிவப்பு ஒயின் ஆகாது என்ற விதி இங்கே தளர்கிறது. சிவப்பு ஒயின் குடித்ததும் மீன் கவிச்சி அடிப்பதற்குப் பொதுவாக டானின்மீது பழி போடுவார்கள். 2009ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பல ஒயின்களைக் கடல் சிப்பியோடு சேர்த்துச் சுவைத்துப் பார்த்து, கவிச்சிக்கு முக்கியக் காரணம் ஒயினில் உள்ள இரும்புச் சத்து என்று காட்டினார்கள். ஒயினுக்கு ஒயின் இரும்பின் அளவு மாறும் என்பதால் முன்கூட்டிச் சொல்வது கடினம். நடைமுறையில், வாட்டிய சூரை மீன் போன்ற சதைப்பற்றுள்ள மீனோடு குளிர்ந்த லிஸ்தான் நேக்ரோ நன்றாகப் போகிறது. சூரையை பூண்டு, வினிகர், ஓரிகானோவில் ஊறவைத்துச் செய்வது தீவுகளின் வழக்கமான சமையல். மெல்லிய வெள்ளை மீனுக்கும் நெத்திலிக்கும் தீவின் வெள்ளை ஒயினே நல்லது.

பாலாடைக்கட்டியில் ஃபுவெர்தேவென்தூரா தீவின் மஹொரேரோ புகழ்பெற்றது. ஆட்டுப்பாலில் செய்து, மேலே மிளகாய்ப் பொடியோ வறுத்த தானிய மாவான கோஃபியோவோ தடவி முதிர வைப்பது. லா பால்மாவில் ஆட்டுப்பால் கட்டியைப் புகையூட்டுவார்கள். கட்டியைத் தடியாக வெட்டி இரும்புக் கல்லில் வாட்டி, மேலே மோஹோ ஊற்றிக் கொடுப்பது குவாச்சின்சேக்களில் சாதாரணம். இறைச்சி சாப்பிடாதவர்களுக்கு இந்த ஒயினோடு இதைவிடச் சிறந்த தட்டை என்னால் சொல்ல முடியாது. பன்னீரை உப்பு நீரில் ஊறவைத்து வாட்டிச் செய்தாலும் ஓரளவு அந்தப் பக்கம் வரும்.

நவம்பர் இறுதியில் புனித அந்திரேயா திருநாளையொட்டி தீவுகளில் புது ஒயினைத் திறப்பார்கள். அன்றைக்குத் துணை வறுத்த செஸ்ட்நட் கொட்டைகள். டெனெரீஃபேயின் இகோத் ஊரில் இளைஞர்கள் மரப்பலகையில் உட்கார்ந்து செங்குத்தான தெருக்களில் சறுக்கி இறங்குவதும் அந்த நாளில்தான். புது ஒயினின் கூரான புளிப்பும் கொட்டையின் மாவு இனிப்பும் சேரும் விதம் எளிமையானது, அருமையானது.

இனிப்புப் பலகாரத்தோடு மட்டும் வேண்டாம். இனிப்பு சாப்பிட்ட நாக்குக்கு இனிப்பில்லாத ஒயின் வெறும் புளிப்பாகப் படும்.

பாட்டில் வாங்கும்போது

லேபிளில் 'இஸ்லாஸ் கனாரியாஸ்' என்று பொதுவாக இருக்கலாம்; அல்லது பகுதியின் பெயர் இருக்கும். தாகொரோன்தே-அசென்தேஹோ என்றால் தீவுகளிலேயே முதலில், 1992ல், தனி அங்கீகாரம் பெற்ற சிவப்பு ஒயின் பகுதி. வாயே தே லா ஒரோட்டாவா என்றால் பின்னல் கொடிப் பள்ளத்தாக்கு. லான்சரோட்டே என்றால் குழித் தோட்டம். அங்கே வெள்ளைதான் பெரும்பங்கு, சிவப்பு குறைவு. 'டின்டோ' என்பது சிவப்பு. 'பாரிக்கா' என்று சேர்ந்திருந்தால் ஓக் பீப்பாயில் இருந்தது, முதல் தடவைக்கு அதைத் தவிர்க்கலாம். லா பால்மாவில் 'வினோ தே தேயா' என்று ஒன்று கிடைக்கும். கேனரிப் பைன் மரத்தின் பிசின் நிறைந்த நடுக்கட்டையில் செய்த பீப்பாயில் வைத்தது; குங்கிலியம் போன்ற வாடை பலமாக அடிக்கும். பழகிய பிறகு முயன்று பார்க்க வேண்டிய ஒயின் அது.

எரிமலைத் தீவு என்ற வரிசையில் சிசிலியின் எட்னா மலையும் வரும். அங்கே நெரெல்லோ மஸ்கலேசே என்ற திராட்சை; நிறத்தில் இதைப் போலவே மெலிந்தது, துவர்ப்பில் கொஞ்சம் கூடுதல். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றிச் சுவைத்தால் நல்ல பாடம் கிடைக்கும். சாந்தொரீனியும் அசோர்ஸ் தீவுகளும் எரிமலைத் தீவுகளே என்றாலும் அவற்றின் பெயர் வெள்ளை ஒயினில்தான்.

சாதாரண லிஸ்தான் நேக்ரோவை வருடக்கணக்கில் சேர்த்து வைக்கத் தேவையில்லை. வாங்கி ஓரிரு ஆண்டுக்குள் குடித்துவிட்டால் பழம் புதிதாக இருக்கும். திறந்த பாட்டிலில் மிச்சமிருந்தால் கார்க்கை அழுத்தி மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். இரண்டு மூன்று நாள் தாங்கும். மறுநாள் அதே ஒயினை மறுபடி முகர்ந்து பாருங்கள். தீக்குச்சி வாடை பெரும்பாலும் போய், மிளகும் பூவும் முதல் நாளைவிடத் தெளிவாக நிற்கும்.